புதுப் பேட்டரிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி:

ஐயா, உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். டீசல் பிக்கப் வண்டியில் மல்லிகைப் பூவும் காய்கறியும் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு ஏற்றிப் போகிறேன். அதிகாலை 2 மணிக்கு வண்டி எடுத்தாக வேண்டும். வார நாட்களில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினாலும் இன்ஜின் பிடித்துவிடுகிறது. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நிறுத்திவிட்டுத் திங்கள் அதிகாலை சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. பக்கத்து வீட்டு டிராக்டரிலிருந்து வயர் போட்டு எடுத்தால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை. ஒன்றரை ஆண்டில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது 75 ஏஎச் (ஆம்பியர்-மணி). மாட்டி எட்டு மாதம்தான் ஆகிறது. வயரிங் கோளாறு என்கிறார் பேட்டரிக் கடைக்காரர். மெக்கானிக் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் நிற்கவில்லை, டைனமோ நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் போய்விட்டது" என்கிறார். ஜிபிஎஸ் கருவிதான் கரண்டைக் குடிக்கிறது என்பது என் மைத்துனரின் கட்சி. இன்னொன்று: இரவில் ஓட்டும்போது மீட்டர் போர்டில் சிவப்புப் பேட்டரி விளக்கு மிக மங்கலாக எரிவது போலத் தெரிகிறது. பகலில் தெரியவில்லை. புதுப் பேட்டரி வாங்குவதா, டைனமோவை மாற்றுவதா?

பதில்:

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கடைசியில் போகிற போக்கில் 'இன்னொன்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மங்கல் விளக்குதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

சனி மாலை 5 மணியிலிருந்து திங்கள் அதிகாலை 2 மணி வரை 33 மணி நேரம். நல்ல நிலையில் உள்ள 75 ஏஎச் பேட்டரி, நிறைந்த சார்ஜிலிருந்து டீசல் இன்ஜினைச் சுற்ற முடியாத நிலைக்கு இறங்க வேண்டுமானால் 40 அல்லது 50 ஏஎச்சாவது வெளியே போயிருக்க வேண்டும். 33 மணி நேரத்தில் அவ்வளவு போக, ஒரு நொடி விடாமல் 1 ஆம்பியருக்கு மேல் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். ஜிபிஎஸ் கருவி எடுப்பது வழக்கமாக 0.1 ஆம்பியருக்கும் குறைவு. 33 மணி நேரத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 3 ஏஎச் சொச்சம். ஒரு மாதம் நிறுத்திப் போட்ட வண்டி என்றால் அதைச் சந்தேகிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அது குற்றவாளி இல்லை. மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆக, இரண்டில் ஒன்று நடக்கிறது. பேட்டரி சனிக்கிழமை மாலையே நிறையாமல் இருக்கிறது. அல்லது வண்டி நிற்கும்போது எங்கோ பெரிய கசிவு இருக்கிறது. உங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்தே இருப்பதாக நினைக்கிறேன். இரண்டுக்கும் ஒரே உதிரிபாகம் காரணமாக இருக்க முடியும் என்பதுதான் இதில் விசேஷம்.

முதல் சோதனைக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். வரும் சனிக்கிழமை வண்டியை நிறுத்திய பின், பேட்டரியின் நெகட்டிவ் வயரை மட்டும் கழற்றி, டெர்மினலில் படாதபடி ஒதுக்கி வையுங்கள். ரேடியோவின் கடிகாரம் அழிந்துபோகும், பரவாயில்லை. மல்டிமீட்டர் இருந்தால் இரவு படுக்கப் போகும்போது பேட்டரியின் வோல்ட் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியவுடனே பார்த்தால் பொய்யாக அதிகம் காட்டும். சில மணி நேரம் ஓய்ந்திருக்க வேண்டும். திங்கள் அதிகாலை மறுபடி அளந்துவிட்டு, வயரை மாட்டி, செல்ஃப் அடியுங்கள். சனி இரவு இருந்த அளவே திங்களன்றும் இருந்து வண்டியும் எடுத்துவிட்டால், பேட்டரி சார்ஜைத் தாங்குகிறது, வண்டிதான் அதைக் காலி செய்கிறது என்று பொருள். வயரே இல்லாமல் தனியாக இருந்தும் வோல்ட் இறங்கிப்போயிருந்தால் பேட்டரிக்குள்ளேயே கோளாறு. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் இரண்டு பேட்டரிக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள் என்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

வோல்ட் கணக்கு இதுதான். ஓய்ந்திருக்கும் பேட்டரியில் 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. பார்ப்பதற்கு அரை வோல்ட்தான் வித்தியாசம். ஆனால் அந்த அரை வோல்ட்டுக்குள்தான் பேட்டரியின் மொத்தச் சரக்கும் இருக்கிறது. "12 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் 10.5 பக்கமே நிற்கிறது என்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. செல்ஃப் சுற்றும்போது வோல்ட் இறங்கத்தான் செய்யும், ஆனால் 9.6-க்குக் கீழே போகக் கூடாது.

இரண்டாவது சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். ஏதாவது ஒரு வார நாளில், அதிகாலை வண்டி எடுப்பதற்கு முன், சாவி போடாமல் பானட்டைத் திறந்து, டைனமோவின் பின்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இன்ஜின் பிளாக்கையும் தொடுங்கள். 1 ஆம்பியரிலிருந்து 2 ஆம்பியர் வரை கசிகிறது என்றால், 12 முதல் 25 வாட் எங்கோ சூடாக மாறிக்கொண்டிருக்கிறது. பிரேக் லைட் பல்பு ஒன்று 21 வாட்; அது எரியும்போது கண்ணாடியைத் தொட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பது மணி நேரம் நின்ற வண்டியில் இன்ஜின் ஆறிப்போய், டைனமோ மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் திருடன் அங்கேதான் இருக்கிறான். ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியை டைனமோவின் பின் பேரிங் பக்கமோ புல்லி நட்டின் பக்கமோ கொண்டுபோங்கள். சாவி ஆஃப் செய்திருக்கும்போதே காந்தம் போல் பிடித்து இழுத்தால், உள்ளே சுழலும் ரோட்டார் சுருளுக்கு அப்போதும் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. வேறு சாட்சி தேவையில்லை.

இனி அந்தச் சிவப்பு விளக்கு.

அதன் ஒரு முனைக்குச் சாவி வழியாகப் பேட்டரியின் பாசிட்டிவ் வருகிறது. மறுமுனை டைனமோவுக்குப் போகிறது. இன்ஜின் ஓடாதபோது டைனமோ பக்கம் வோல்ட் இல்லை. அதனால் சாவி போட்டவுடன் விளக்கு பளிச்சென்று எரிகிறது. இன்ஜின் ஓடி டைனமோ உற்பத்தி தொடங்கியதும் இரண்டு முனையிலும் சமமான வோல்ட் வந்துவிடுகிறது, விளக்கு அணைகிறது. மங்கலாக எரிகிறது என்றால் இரு பக்கமும் சமமாகவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. டைனமோவுக்குள் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டையோடுகளில் ஒன்று போயிருக்கலாம்; முன்பு நான் சொன்ன அந்த ஒரே உதிரிபாகம் இதுதான். அல்லது டைனமோவுக்கும் பேட்டரிக்கும் சாவிக்கும் இடையே ஏதோ ஓர் இணைப்பில் பச்சை பூத்து, வயர் நுனியில் இருக்கும் லக் தளர்ந்து, வோல்ட் வழியிலேயே வீணாகலாம். பேட்டரிக் கடைக்காரர் சொன்ன வயரிங் கோளாறும் இதில் ஒரு பாதி உண்மையாக இருக்க வாய்ப்புண்டு என்பதால்தான் அவரை அடியோடு தள்ளிவிடவில்லை.

சாவி போட்டு, இன்ஜினை எடுக்காமல் ஒரு முறை அந்த விளக்கைப் பாருங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். எரியவே இல்லை, அல்லது சாவியை எடுத்த பிறகும் மினுக்கிக்கொண்டிருக்கிறது என்றால், பாசிட்டிவ் பக்க டையோடு ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். விளக்கு எரியாததற்குப் பல்பு போனதும் காரணமாக இருக்கலாம். அந்தப் பல்பு வெறும் எச்சரிக்கை விளக்கு மட்டும் இல்லை. பல வண்டிகளில் டைனமோவுக்கு முதல் தூண்டுதல் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. பல்பு போனால், ஒரு முறை நன்றாக ரேஸ் கொடுக்கும்வரை சார்ஜே ஏறாது.

இதற்கு மேல் மல்டிமீட்டர் வேண்டும். சாதாரண மீட்டரே போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சில மலிவான மீட்டர்களை ஏசி ரேஞ்சில் வைத்துப் பேட்டரியில் தொட்டால், இன்ஜின் ஓடாதபோதே இருபது, முப்பது என்று எதையாவது காட்டும். ஒழுங்கான மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே காட்ட வேண்டும். அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு இன்ஜினை எடுத்து, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே, 1500 ஆர்பிஎம் அளவில் வைத்துக்கொண்டு பேட்டரியின் இரு டெர்மினலிலும் ஏசி வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் டைனமோவில் உற்பத்தியாகும் ஏசி, முழுக்க டிசி ஆகாமல் வெளியே வருகிறது; டையோடு போய்விட்டது.

அதே நிலையில் மீட்டரை டிசிக்கு மாற்றுங்கள். பேட்டரியில் 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் இருந்தால் சரி. வெயில் காலத்தில் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரே அதைக் கொஞ்சம் குறைத்து வைக்கும். அது கோளாறு இல்லை. 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி வெந்து தண்ணீர் வற்றும். அடுத்து, சிவப்பு முனையை டைனமோவின் தடித்த வயர் போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலும் வையுங்கள். 0.3 வோல்ட் வரை பரவாயில்லை. அரை வோல்ட் காட்டினால் அந்த வயரையும் லக்கையும் பியூஸ் இணைப்பையும் பாருங்கள். பிறகு டைனமோ பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு அளந்து பாருங்கள், 0.2-க்கு மேல் போகக் கூடாது. பூ மூட்டையிலும் கீரைக் கட்டிலும் தெளிக்கிற தண்ணீர் நாள் முழுக்க வழிந்து சேஸிஸில் இறங்குவதால், நம் பக்கத்துச் சந்தை வண்டிகளில் எர்த் போல்ட்டுகள் துருப்பிடித்துப் போவது சகஜம். டெயில் லைட் மங்கலாக எரிகிற வண்டியில் முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள். துருவைச் சுரண்டி, நட்டை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். பெல்ட்டைப் பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை: நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் தணிய வேண்டும், உள்பக்கம் கண்ணாடி போல் பளபளத்தால் மாற்றுங்கள்.

உங்கள் மெக்கானிக் செய்த சோதனையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றுவது பழைய காலத்து டைனமோக்களில் வந்த பழக்கம். அப்போது அது பெரிய கெடுதல் செய்யவில்லை. இன்றைய ஆல்டர்னேட்டரில் (நாம் இன்னும் டைனமோ என்றே சொல்வது இதைத்தான்) பேட்டரியைத் திடீரென்று பிடுங்கினால், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு வோல்ட் பல மடங்கு தாவும். டையோடு, ரெகுலேட்டர், கம்ப்யூட்டர் பாக்ஸ் என்று எது வேண்டுமானாலும் அதில் போகும். அதோடு அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவும் இல்லை. ஆறு பவர் டையோடில் ஒன்று போன டைனமோகூட இன்ஜினை ஓட வைக்கும் அளவுக்குக் கரண்ட் கொடுக்கும். நிற்கவில்லை என்பதால் டைனமோ நல்லது என்று ஆகிவிடாது. மங்கல் விளக்கு அந்தச் சோதனைக்கு முன்பே இருந்ததா, பின்னால் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் வந்தது என்றால், ஒரு டையோடு போயிருந்த இடத்தில் இரண்டு போயிருக்கலாம்.

டிராக்டரிலிருந்து வயர் போடும்போது ஒரு முறையேனும் பிளஸ் மைனஸ் மாறிப் பொறி பறந்ததா என்பதையும் வீட்டில் கேளுங்கள். இருட்டில், அவசரத்தில், பூ வாடுகிறது என்ற பதற்றத்தில் அது நடக்கக் கூடியது. ஒரு கணம் மாறிப் பட்டாலே டையோடு போய்விடும்.

இந்தச் சோதனைகள் டைனமோவையே காட்டினால், முழு டைனமோவை மாற்ற வேண்டியதில்லை. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் டையோடு பிளேட்டை மட்டும் மாற்றித் தருவார்கள். பேட்டரி விலையோடு பார்த்தால் அது மிகக் குறைவு. கழற்றியது கழற்றியதுதான், கார்பன் பிரஷ், ஸ்லிப் ரிங், பேரிங் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். டையோடு பிளேட்டை மாற்றிவிட்டு, தேய்ந்த பிரஷோடு மூடிக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.

கழற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பல டீசல் வண்டிகளில் டைனமோவின் பின்பக்கமே பிரேக்குக்கான வேக்கம் பம்ப் இருக்கும். இன்ஜின் ஆயில் ஒரு குழாய் வழியாக அதற்குப் போகும். உங்கள் வண்டியில் அப்படி இருந்தால், ஆயில் சீல் கசிந்து டைனமோவுக்குள் ஆயில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் குடித்த கார்பன் பிரஷும் ஸ்லிப் ரிங்கும் வெகுநாள் நிற்காது. அத்தகைய வண்டியில் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போவதில்லை, பிரேக்கின் உதவியும் போகும், மிதி இறுகிவிடும். டைனமோவைத் திரும்ப மாட்டிய பின் சாலைக்கு எடுக்கும் முன், இன்ஜின் ஆஃபில் பிரேக்கைச் சில தடவை மிதித்து மிதி இறுகியதும், காலை அப்படியே வைத்துக்கொண்டு இன்ஜினை எடுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை நகர்த்தாதீர்கள். மூட்டை ஏற்றிய வண்டியைச் செக்கானூரணி கடைவீதியில் நிறுத்த முடியாமல் போவது பேட்டரி இறங்குவதைப் போன்ற சமாச்சாரம் இல்லை.

டைனமோவை ஒதுக்கிவிட்ட பிறகும் கசிவு இருந்தால் என்ன செய்வது? நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் இடையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வையுங்கள். கதவுகளை மூடி அரை மணி நேரம் பொறுங்கள். கம்ப்யூட்டர் பாக்ஸ் உள்ள வண்டி அடங்க நேரம் எடுக்கும். மீட்டர் இருக்கும்போது சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் பியூஸ் போகும். 0.05 ஆம்பியர் அளவுக்கு இருந்தால் இயல்பு. அதற்கு மேல் இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்த வழியில் கோளாறு. பாட்டுக்காக ஆம்ப்ளிஃபையரோ, வெளிச்சத்துக்காக எல்இடி பாரோ மாட்டி, பியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்தே நேராக வயர் எடுத்திருந்தால் அதை முதலில் பாருங்கள். பிரேக் லைட் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இருட்டில் வண்டியின் பின்னால் போய் நின்றாலே தெரிந்துவிடும்.

கோளாறு தீர்ந்தாலும் பேட்டரி தானாகத் தேறாது. மாதக்கணக்கில் அரை வயிறாகவே இருந்த பேட்டரியின் தட்டுகளில் சல்பேட் இறுகியிருக்கும். உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டம், அதிலும் ஹெட்லைட் போட்டபடி; சந்தையில் ஐடிலில் நிற்கும்போது டைனமோ தன் முழு அளவில் பாதியைக்கூடக் கொடுக்காது. அதில் 50 ஏஎச் திரும்ப ஏறும் என்று எதிர்பார்க்க முடியாது. பேட்டரியை இறக்கிச் சார்ஜிங் கடையில் கொடுத்து, 7 ஆம்பியர் அளவில் மெதுவாக, ஓர் இரவு முழுக்க ஏற்றச் சொல்லுங்கள். அவசரச் சார்ஜ் வேண்டாம். தண்ணீர் ஊற்றும் மூடி உள்ள பேட்டரியானால், தட்டு மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் ஏறிய பிறகு குறிவரை நிரப்புங்கள். போர் தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். மறுநாள் ஆறு செல்லையும், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு நிரப்பும் பேட்டரியில் 1.240 பக்கம் வர வேண்டும். ஐந்து செல் அப்படி இருந்து ஒன்று மட்டும் 1.190-க்குக் கீழே நின்றால் அந்தப் பேட்டரியை இனிக் காப்பாற்ற முடியாது. மேல்பரப்பில் ஆசிட் ஈரம் படிந்திருந்தால் அதுவே ஒரு மெல்லிய கசிவு. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள், மூடித் துளைகளுக்குள் இறங்காமல்.

அதுவரை டிராக்டரின் தயவில்தான் ஓட்ட வேண்டும் என்றால், பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸை முதலில் மாட்டி, கடைசி மைனஸ் கிளிப்பை உங்கள் பேட்டரியில் போடாமல் இன்ஜினின் இரும்பில் மாட்டுங்கள்; பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் பொறி பட்டால் வெடிக்கும். டிராக்டர் 12 வோல்ட், அதனால் சரி. அவசரத்துக்கு யாராவது லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினால் மறுத்துவிடுங்கள். அதில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட்.

எட்டு மாதப் பேட்டரிக்குப் பெரும்பாலும் வாரண்டி இருக்கும். ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் போனது தெரிந்தால், டைனமோவைச் சரிசெய்த ரசீதையும் வாரண்டி அட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போங்கள். டைனமோ சரியாகாமல் போனால், மூன்றாவது பேட்டரியையும் இலவசமாகவே கெடுத்துக்கொண்டு வருவீர்கள்.